இரண்டாவது காது

முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் காலையில் என் ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிடும். என் போட்டோக் கடையை மூடி வீட்டில் உட்கார்ந்த பிறகும் இது நிற்கவில்லை. எடுத்தால் ஒரே கேள்விதான். "அண்ணா, மண்டபத்துல லைட்டு கம்மிங்கண்ணா, ஃபோகஸ் புடிக்கவே மாட்டேங்குது. எந்த லென்ஸ் வாங்கலாம்?" நான் கேட்பேன்: "மெனுவுக்குள்ள போயி பாத்தியாப்பா?" அந்தப் பக்கத்திலிருந்து, "அதெல்லாம் வாங்கும்போதே கடைக்காரரு செட் பண்ணிக் குடுத்துட்டாருங்கண்ணா" என்று பதில் வரும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். கடைக்காரரா வந்து முகூர்த்தத்தில் படம் எடுக்கப் போகிறார்?

இப்படி ஃபோன் செய்கிற உங்கள்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. நானும் இதையே செய்தேன். அதுவும் இருபத்தெட்டு வருஷம் காரிமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்து நடத்திய பிறகு. தொழில் தெரியாதவன் தப்புச் செய்தால் தெரியாது என்று விட்டுவிடலாம். எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு செய்கிறவனை என்ன செய்வது?

உள்ளே கண்ணாடி வைத்த பழைய கேமராவை விட்டு, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்கி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புது கேமராவோடு ஒரு தடித்த புத்தகம் கொடுத்தார்கள். அதைப் பிரிக்காமலேயே அலமாரியில் வைத்தேன். பழையதில் என்னென்ன வைத்திருந்தேனோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் புதியதிலும் வைத்தேன். கூட்டமாக நிற்க வைத்து எடுப்பதென்றால் லென்ஸ் ஓட்டையைச் சின்னதாக்கி எஃப் எட்டு, கேமரா தலைமேல் ஃபிளாஷ், கை தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னார் என்று, ஃபோகஸ் கிடைத்தால் மட்டுமே ஷட்டர் விழுகிற மாதிரியும் மாற்றி வைத்திருந்தேன். மங்கலான படமே வராதாம். உண்மைதான், படமே வராவிட்டால் மங்கல் எங்கிருந்து வரும்?

அப்போது ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள். மொரப்பூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு குலதெய்வக் கோயில். சின்ன விசேஷம், வீடியோ கிடையாது, நான் ஒருவன்தான். மூன்று வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் அம்மாவைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தங்கை வயது, அதனால் அவள் என்றே சொல்கிறேன். முந்தின நாள் கடைக்கு வந்தவள் ஆல்பம், அட்டை எதைப் பற்றியும் பேசவில்லை.

"எங்கண்ணன் அஞ்சு வருசமா எங்கூட பேசறதில்லீங்கண்ணா," என்றாள். "எங்கப்பா செத்த அன்னிக்கு எங்க வூட்டுக்காரருக்கும் அவனுக்கும் வாய்ச்சண்ட ஆயிப்போச்சு. அதோட சரி. இப்ப தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும்னு பெரியவங்க போயி கூப்ட்டாங்க. வர்றேன்னு சொல்லியிருக்கறான். மறுபடியும் எப்ப வருவானோ தெரியாது. எம்புள்ள அவன் மடியில ஒக்காந்து காது குத்திக்கற போட்டோ ஒன்னு மட்டும் நல்லா எடுத்துக் குடுத்துருங்க. மத்தது எப்படி வந்தாலும் பரவால்லீங்க."

"அதுக்குத்தானம்மா நானே வர்றேன்," என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

காலையில் ஆறு மணிக்கே போய்விட்டேன். குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசினார்கள். வெளியே புளிய மரத்தடியில் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்தேன். நல்ல வெளிச்சம், எஃப் எட்டு, முன்வரிசையும் பின்வரிசையும் ஊசி முனை மாதிரி வந்தன. கேமரா பின்பக்கத்தில் பார்த்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அண்ணன் மட்டும் இன்னும் வரவில்லை. திருப்பூரிலிருந்து ரயிலில் வந்து மொரப்பூரில் இறங்கி வர வேண்டும். எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அரை மணி நேரம் எனக்குச் சும்மா கிடைத்தது. காது குத்தப் போவது கோயிலுக்குள்ளே, அம்மனுக்கு எதிரே. இருபது அடி நடந்து உள்ளே போய், ஒரு ஆளை உட்கார வைத்து, ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் போகவில்லை. டீ குடித்துக்கொண்டு, புது கேமராவைப் பார்க்க வந்த ஒருவரிடம் அதன் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்தார். சீர்த்தட்டை வைத்தார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "புள்ளைய எங்க ஒக்கார வெக்கணும்னு கேட்டுச் சொல்லுங்க ஆசாரி" என்று காது குத்த வந்த ஆசாரியிடம் சொன்னார். கேட்க வேண்டிய தங்கை இரண்டடி தள்ளி நின்றாள். அவளும் ஆசாரியைப் பார்த்தே, "கெழக்க பாத்து ஒக்காரச் சொல்லுங்க" என்றாள். நேரம் போய்க்கொண்டிருந்ததால் எல்லோரும் அவசர அவசரமாக உள்ளே நுழைந்தோம்.

உள்ளே ஒரே ஒரு பல்பு. அதையும் கற்பூரப் புகை மூடியிருந்தது. அம்மனுக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை மடியில் ஏறும்போதே அழ ஆரம்பித்தது. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். கருப்பாக இருந்தது. இருட்டு இடம், இருட்டாகத்தானே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டனைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. பழைய கேமராவில் இருட்டில் இப்படி அழுத்தினால் ஃபிளாஷிலிருந்து சிவப்புக் கோடுகள் ஆள்மேல் விழும், அதைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் நிற்கும். அந்தச் சிவப்புக் கோடு இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். அது அந்தப் பழைய கேமராவுக்கான ஏற்பாடு, புதியதற்கு அது வராது என்பதுகூட எனக்குத் தெரியாது. ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் வந்துவிடுமே என்று சிலர் சொல்வீர்கள். ஃபிளாஷ் அடிப்பது கடைசியில். ஃபோகஸ் அதற்கு முன்பே, அந்த இருட்டிலேயே கிடைத்தாக வேண்டும்.

சந்தனம் பூசிய மொட்டைத் தலை. வழவழவென்று ஒரே நிறம். அதில் கேமரா பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட இல்லை. ஆசாரி கையை நீட்டினார், குழந்தை வீறிட்டது, முதல் காது முடிந்தது. நான் அழுத்தியபடியே இருந்தேன். ஷட்டர் விழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை விழுந்தது. பார்த்தால் பின்னால் இருந்த குத்துவிளக்கின் திரி நூல் நூலாகத் தெரிகிறது. முன்னால் மாமனும் மருமகளும் கரைந்து கிடக்கிறார்கள்.

இதற்கு மேல் நான் செய்ததுதான் பெரிய தப்பு. கேமரா செய்தது சின்னத் தப்பு.

நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. மாலை போடுவதைத் தவறவிட்டால், "இன்னொருவாட்டி போடுங்க, இங்க பாருங்க" என்போம். அவர்களும் கழற்றிப் போடுவார்கள். மெட்டி போடுவதையும், பால் குடிப்பதையும், காலில் விழுவதையும் இப்படி இரண்டு தடவை செய்ய வைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

"ஆசாரி, நிறுத்துங்க! அடுத்த காது இப்ப வேண்டாம். தம்பி, ஆங்கிள் செரியில்லீங்க. எந்திரிச்சு, பாப்பாவ எறக்கி, மொதல்ல இருந்து மறுபடியும் மடியில வெச்சு ஒக்காருங்க."

ஆங்கிள் சரியில்லையாம். ஃபோகஸ் பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். குழந்தை ஒரு காதில் ரத்தத்தோடு அலறிக்கொண்டிருக்கிறது. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்திரிச்சு ஒக்காரறதா? அஞ்சு வருசம் கழிச்சு வந்திருக்கறேன். எறங்கி ஏற இங்க என்ன ஷூட்டிங்கா நடக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வியின் வீட்டுக்காரர் மனைவியிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார். "போட்டோகாரரு சொல்றாரில்ல, ஒருவாட்டி எந்திரிச்சா கொறஞ்சா போயிருவாரு உங்கண்ணன்?"

அவ்வளவுதான். அண்ணன் எழுந்தார். குழந்தையைப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா கையில் கொடுத்தார். வெளியே போய்ச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஒரு காது குத்தியாகிவிட்டது, இன்னொன்று பாக்கி, மாமன் மடி காலி. உள்ளே இருந்த நாற்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செல்வி அழவில்லை. குழந்தைக்குக் கொடுக்க எடுத்த வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த நேரத்தில் யார் போய்க் கூப்பிடுவது? வீட்டுக்காரர் போக மாட்டார். செல்வி போனால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். சாமி ஆணையாகச் சொல்கிறேன், பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் தீயை வைத்தவன் நான். நான்தான் ஓடினேன், அவர் பின்னால்.

புளிய மரத்தைத் தாண்டிப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. "தம்பி, நில்லுங்க. ஆங்கிளெல்லாம் ஒன்னுமில்ல. நான் பொய் சொன்னேன். எங்கேமரா ஃபோகஸ் ஆவல. புதுசு, எனக்கு ஓட்டத் தெரியல. அத சொல்ல வெக்கப்பட்டுகிட்டு உங்கள எந்திரிக்கச் சொல்லிட்டேன். வேணும்னா என்ன நாலு வார்த்த திட்டுங்க. புள்ளைக்கு ஒரு காது பாக்கி இருக்குது."

அவர் என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"அத பையில வையிங்க," என்றார். "அப்ப வர்றேன். நீங்களும் எடுக்கக் கூடாது, எவன் செல்லுலயும் எடுக்கக் கூடாது. எம்மருமவளுக்குத்தான் நான் வந்தேன், போட்டோவுக்கு வல்ல."

யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அவர் ஒரு காலைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நான் சரி என்றேன். அங்கேயே கேமராவைக் கழற்றிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். செல்வி என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம். அதை அவளைக் கேட்காமலேயே விட்டுக் கொடுத்துவிட்டேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. அந்த நிலைமை வரைக்கும் கொண்டுவந்து விட்டது நான் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

உள்ளே போய் எல்லோருடைய ஃபோனையும் நானே கீழே இறக்க வைத்தேன். அண்ணன் உட்கார்ந்தார். குழந்தை இப்போது விவரம் தெரிந்து திமிறியது. கம்பியைப் பார்த்துவிட்ட குழந்தையைப் பிடிப்பது லேசில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. ஆசாரி இரண்டு தடவை கையைப் பின்வாங்கினார். "யாராச்சும் தலைய புடிங்கய்யா" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார். ஆசாரியைப் பார்க்கவில்லை.

"பாப்பா, நீ வந்து புடி," என்றார் தங்கையிடம்.

செல்வி அவர் தோளை ஒட்டி மண்டியிட்டு, குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டாள். மூன்று பேர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. ஆசாரி குத்தினார். குழந்தை அலறியது. அண்ணனும் தங்கையும் அதைவிடச் சத்தமாக அழுதார்கள். நான் ஐந்தடி தூரத்தில் பையோடு நின்றேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு படம் என் முன்னால் வந்ததில்லை. பையின் ஜிப் மேலேயே என் கை இருந்தது. திறக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். குழந்தை தூங்கிப்போயிருந்தது. மறுபடியும் மடியில் வைத்து உட்காருங்கள் என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் வரவில்லை, என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் காதின்போது ஐந்தாறு பேர் ஃபோனில் எடுத்திருந்தார்கள். ஓடி ஓடி வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் முதுகுதான் இருந்தது.

செல்வியிடம் போய் நின்றேன். "படம் வல்லம்மா," என்றேன்.

அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. "விடுங்கண்ணா," என்றாள். "பேசிட்டான்."

வீட்டுக்குப் போனதும் கேமராவைத் தூக்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. பட்டப்பகலில் ஜன்னல் கதவையெல்லாம் சாத்தி, திரையை இழுத்து, என் மனைவியை மூலையில் உட்கார வைத்தேன். "கரண்ட்டு இருக்கும்போதே இருட்டுல ஒக்கார வெக்கிற மனுசன ஒன்னத்தான் பாக்கறேன்" என்று அவள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். எஃப் எட்டில் வைத்து அழுத்தினேன். லென்ஸ் அதேபோல முன்னே போய்ப் பின்னே வந்தது. எஃப் இரண்டு புள்ளி எட்டுக்குத் திறந்தேன். டக்கென்று அவள் கண்ணில் போய் நின்றது. மூடினேன், திணறியது. திறந்தேன், நின்றது. கால் மணி நேரத்தில் விஷயம் முழுவதும் புரிந்துவிட்டது. அந்தக் கால் மணி நேரத்தை மூன்று வாரமாக நான் ஒதுக்கவில்லை.

புரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய கேமரா நீங்கள் எஃப் எட்டு வைத்தாலும் பதினொன்று வைத்தாலும், ஃபோகஸ் தேடும்போது லென்ஸை முழுக்கத் திறந்தே வைத்திருக்கும். படம் எடுக்கிற நொடியில்தான் மூடும். என் புது கேமராவோ, படம் எப்படி வரும் என்பதை கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் முன்கூட்டியே காட்டுகிறேன் என்று சொல்லி, எஃப் எட்டுக்கு மூடிக்கொண்டு அந்தச் சின்ன ஓட்டை வழியாக வருகிற வெளிச்சத்தில் ஃபோகஸ் தேடியது. கோயிலுக்குள் இருந்ததே துளி வெளிச்சம், அதையும் நானே அடைத்துவிட்டேன். வியூஃபைண்டர் கருப்பாக இருந்தது கேமரா என்னிடம் கத்திச் சொன்ன சேதி. அந்த முன்காட்சியை மெனுவில் அணைத்துவிட்டால் என் கேமரா திறந்த லென்ஸில் தேடுகிறது. உங்களுடையது எப்படி என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதம். நகர்கிற ஆளைத் தொடர்கிற முறையில் வைத்திருந்ததால் கேமராவின் முன்பக்க உதவி விளக்கும் எரியவில்லை. உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அந்த முறை எதற்கு? ஃபோகஸ் தேடுகிற கட்டத்தை அகலமாக விட்டிருந்தேன், அதனால் இருப்பதிலேயே பளிச்சென்று தெரிந்த விளக்குத் திரியைப் பிடித்துக்கொண்டது. சின்னக் கட்டமாக்கி, சந்தனத் தலையை விட்டுவிட்டு, அண்ணனின் மீசை ஓரத்திலோ குழந்தையின் சட்டைக் கரையிலோ வைத்திருந்தால் பிடித்திருக்கும். அதுவும் இல்லாவிட்டால், "ஒரு லைட்டு போடுங்கம்மா" என்று கேட்டிருக்கலாம். யாரும் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதில் எதற்காவது புது லென்ஸ் வேண்டுமா, சொல்லுங்கள். எனக்கு ஃபோன் செய்வதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கதவைச் சாத்தி, வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, அவர்களிடம் திட்டு வாங்கிவிட்டுப் பிறகு செய்யுங்கள். விசேஷ இடத்துக்குப் போனால் வெளிச்சமான இடத்தில் நின்று டீ குடிக்காமல், முக்கியமான காரியம் நடக்கப் போகிற மூலைக்கு முதலில் போங்கள். தவறவிட்டால் தவறவிட்டேன் என்று சொல்லுங்கள். ஆங்கிள்மேல் பழி போடாதீர்கள்.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "படம் போனா என்னங்கண்ணா, ஒடம்பொறப்பு சேந்துச்சே" என்று என்னைத் தேற்ற வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது செல்வி சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது. அவர்களைச் சேர்த்து வைக்க என்னை யாரும் கூப்பிடவில்லை, படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஆல்பம் வாங்க அவளே வந்தாள். கவுண்டரில் வைத்தே பிரித்தாள். மொட்டை அடிக்கிற படங்களைப் பார்த்துச் சிரித்தாள். மரத்தடிப் படத்தில் ஒவ்வொருவராக விரல் வைத்துப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பந்தி, இலை, சாப்பாடு. அவள் கை நின்றது. ஒரு பக்கம் பின்னால் போனாள், மறுபடி முன்னால் வந்தாள். இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதோ என்று ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தாள். ஒட்டியிருக்கவில்லை.

"நல்லா வந்திருக்குதுங்கண்ணா," என்று சொல்லி ஆல்பத்தை மூடினாள்.